ஓடுபாதையின் உயரம்

பழைய வேட்டியைக் கிழித்துத் தம்பியின் தாடையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் உமாதேவி. முடிச்சு உச்சந்தலையில் நிற்காமல் வழுக்கியது. இரண்டாவது முறை இறுக்கும்போது அப்பா கோபாலசாமி உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“ஏட்டி, அத அவுத்துரு.”

“வாய் தொறந்துக்கிடும்ப்பா.”

“தொறந்தா தொறக்கட்டும். மாப்ள வீட்டாளுவ கெளம்பியாச்சுன்னு இப்பத்தான் போன் வந்துச்சு. பத்தரைக்கு வந்திருவாவ.”

செல்வகணேஷ் இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஏழு மணிக்கு அம்மா காப்பி கொண்டுபோனபோது மூச்சு இருந்தது. ஏழேகாலுக்கு டம்ளரை எடுக்கப் போனபோது இல்லை. வயது இருபத்தாறு. பத்து வயதில் கால்கள், பதினைந்தில் இடுப்பு, பிறகு தோள் என்று தசைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, வலதுகை விரல்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. மாப்பிள்ளை வீட்டாரிடம், சின்ன வயசுக் காய்ச்சலில் கால் போய்விட்டது என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள்.

அந்த மாப்பிள்ளை வீட்டார் இன்று பசுவந்தனையிலிருந்து பூ வைக்க வருகிறார்கள். உமாதேவிக்கு முப்பத்தொன்று. இதற்கு முன் வந்த இரண்டு இடங்களும் இந்த அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவை. பிறகு தகவல் இல்லை. பூ வைத்துவிட்டால் பெண் அவர்கள் வீட்டுப் பெண். அதற்கப்புறம் என்ன துக்கம் வந்தாலும் பேச்சு மாறாது. பூ வைக்கிற அன்று காலையில் சாவு என்றால், பெண்ணின் ராசி என்று சொல்லி வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

“சாயந்தரம் சொல்லிக்கிடுவோம்,” என்றார் அப்பா. “நாலு மணிக்குப் போனான்னு சொல்லுவோம். ஏழா நாலான்னு அவனா எந்திரிச்சு வந்து சொல்லப் போறான்?”

கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் இருந்த அம்மா வெயிலம்மாளிடமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது.

“அழுறதா இருந்தா நாலு மணிக்கு அழு. எல்லாரும் சேந்து அழுவோம்.”

அம்மா அடங்கினாள். அப்பா மகளைப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உமாதேவி முடிச்சை அவிழ்த்தாள்.

“தூங்குதான்னு சொன்னா மாப்ளையோட அம்மா, அந்தச் சந்தனமாரி விடமாட்டா,” என்றார் அப்பா. “போன தடவ உள்ள வந்து உக்காந்து அரைமணி நேரம் பேசிட்டுல்லா போனா. நீ அந்த ஏரோப்ளேனப் போடு. சத்தம் கேட்டுச்சுன்னா, வேலையா இருக்கான், யாரையும் உள்ள விடமாட்டான்னு சொல்லிரலாம்.”

செல்வகணேஷ் வெறுமனே கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டி விளையாடியவனல்ல. அந்த விளையாட்டின் பழைய பதிப்புக்கென்று யார் யாரோ செய்துவைத்த விமான நிலையங்கள் உலகம் முழுக்க உண்டு. அப்போது அதில் தரை ஒரே மட்டம். புதிய பதிப்பில் மேடுபள்ளங்கள் வந்துவிட்டன. பழைய நிலையத்தைக் கொண்டுபோய் அதில் வைத்தால் ஒன்று மேட்டுக்குள் புதையும், இல்லையென்றால் குழிக்கு மேலே அந்தரத்தில் தொங்கும். நிலத்தின் உயரத்தையும் அதன் நாலு மூலைகளையும் ஒரு வரியாக எழுதிக் கொடுத்தால் அந்த இடம் மட்டும் சமமாகும். அப்படிப்பட்ட வரிகளைச் சரிசெய்து, கேட்கிறவர்களுக்கு அனுப்புவது அவன் வேலை. பார்த்தேயிராத ஊர்களிலிருந்து நன்றி எழுதுவார்கள். அவன் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு அப்பால் போனதில்லை. மௌஸ் அவன் விரலில் இருக்கும். எண்களைத் தட்டுவது அக்கா.

அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். நேற்று அவன் விட்ட இடத்தில், போர்ச்சுகலின் ஒரு சின்ன விமான நிலையத்தில் திறந்தது. இன்ஜின் உறுமியது. மூன்று எண்ணுவதற்குள் ஓடுபாதையின் ஊடாகவே விமானம் கீழே விழுந்து, கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. பிறகு அமைதி. மறுபடி உறுமல், மறுபடி நொறுங்கல்.

“இது என்னட்டி, பாத்திரக்கடைக்குள்ள மாடு பூந்த மாதிரி? ஒழுங்கா ஓடச் சொல்லு.”

வேறு நிலையத்துக்கு மாற்ற அவளுக்குத் தெரியாது. தெரிந்தது அந்த ஒரு வரி மட்டும்.

நான்கு நாளாக இருவரும் அதோடுதான் மல்லுக்கட்டினார்கள். உயரம் எண்பத்தொன்று. மூலைகளை மூன்று முறை சரிபார்த்தாயிற்று. நேற்றுச் சாயங்காலம் அவன் கேட்டான்: “அட்லஸ்ல சரியாப் பாத்தியாக்கா?”

“எனக்கு வாசிக்கத் தெரியாதோ? கை வெளங்காதது ஒனக்கு, எனக்கில்ல.”

“கல்யாணப் பவுசு வந்துட்டு ஒனக்கு,” என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்புறம் அவளோடு பேசவில்லை.

அட்லஸ் அவன் தலைமாட்டிலேயே இருந்தது. நூலகத்தில் போன வாரம் மாற்றி எடுத்த புதுப் புத்தகம். பக்கத்தை விரித்து, எண்ணை மறுபடி பார்த்தாள். எண்பத்தொன்றுதான். பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், உயரங்கள் மீட்டரில் என்று போட்டிருந்தது.

பழைய அட்லஸ் அடிக்கணக்கு. அந்த வரிக்கு வேண்டியதும் அடிக்கணக்கு. வாசித்துச் சொன்னது அவள்தான். அவன் அக்கா சொன்ன எண்ணை நம்பி நான்கு நாளும் மூலைகளையே குறை சொல்லிக்கொண்டிருந்தான்.

கிழித்த காலண்டர் தாளின் பின்புறத்தில் மூன்று புள்ளி இரண்டு எட்டால் பெருக்கினாள். இருநூற்று அறுபத்தாறு. தட்டினாள்.

விமானம் நின்றது. பத்து எண்ணினாள், இருபது எண்ணினாள், நின்றது. இன்ஜின் ஒரே சீராக ஓடியது.

“ஏலே, நின்னுட்டுலே!” என்று திரும்பினாள்.

அவன் வாய் நன்றாகத் திறந்திருந்தது.

“சத்தத்தக் கூட்டி வச்சிட்டு, போய்ச் சேல மாத்து,” என்றார் அப்பா.

பத்து நாற்பதுக்கு வேன் வந்தது. ஒன்பது பேர். சந்தனமாரி செருப்பைக் கழற்றும்போதே சிரித்தாள். “என்ன மதினி, இன்னைக்குமா ஏரோப்ளேன்? எங்களயும் ஏத்திக்கிட்டா வேன் வாடகையாவது மிச்சம்லா.”

“பொம்பளைய ஏறுனா பாரம் தாங்காதுன்னு சொல்லுதான்,” என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தார்.

உமாதேவியைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து, சந்தனமாரி நான்கு முழப் பிச்சிப்பூவை அவள் கொண்டையில் வைத்தாள். ஒருத்தி குலவை போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இனிப் பேச்சு மாறாது. உமாதேவி மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை சோலைமுத்து எழுந்து, சாத்தியிருந்த கதவருகே போய் விரலால் தட்டினான். கூச்சக்காரன். “மச்சான், நான்தான். வேலையக் கெடுக்கல. கல்யாணம் முடியட்டும், நல்ல கம்ப்யூட்டரா ஒண்ணு வாங்கித் தாரேன், என்ன?” என்றான். காதைக் கதவோரம் வைத்துக் கொஞ்சம் நின்றான்.

“கேட்டுருக்கும், கேட்டுருக்கும்,” என்றார் அப்பா. “வந்து உக்காருங்க.”

சந்தனமாரி அதற்குள் ஒரு தட்டில் இரண்டு போளியை வைத்து எழுந்துவிட்டாள். “எப்பயும் வேலைதானா? நானே பிச்சு ஊட்டிட்டு வாரேன். கடம்பூர்ல இப்பத்தான் சுடச்சுட வாங்குனது. சவத்து வேல, தின்னுட்டுப் பாக்கட்டும்.”

உமாதேவி எழப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள், பூ வைத்த பெண் எழக்கூடாது என்று தோளைப் பிடித்து அமர்த்தினாள். சந்தனமாரி கதவை எட்டிவிட்டாள்.

“கொண்டாங்க மதினி.” அடுப்படியிலிருந்து வந்த அம்மா தட்டை வாங்கினாள். “நான் ஊட்டுனாத்தான் அவனுக்கு எறங்கும்.”

உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. வெளியே யாரோ மழையைப் பற்றிப் பேசினார்கள், பிறகு பாசிப்பயற்றைப் பற்றி. அப்பா எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். இன்ஜின் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

அம்மா வெளியே வந்தாள். தட்டு காலியாக இருந்தது.

“ரெண்டையுமா தின்னுட்டான்?” என்றாள் சந்தனமாரி.

அம்மா தலையை மட்டும் அசைத்தாள். வாயைத் திறக்கவில்லை. ஒரு கன்னம் லேசாக உப்பியிருந்தது. கீழுதட்டில் நெய் மினுங்கியது. உமாதேவி அதைப் பார்த்தாள். அம்மாவும் அவளைப் பார்த்துவிட்டு, கஷ்டப்பட்டு ஒருமுறை விழுங்கினாள்.

“பெறவென்ன, பிடிச்சிருக்கு! இன்னொண்ணு வைக்கட்டுமா மதினி?”

அம்மா தட்டை நீட்டினாள்.