கொஞ்சம் தள்ளி

நோய்க்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம். பிரசவ ஆஸ்பத்திரியில் தாய்மார்களுக்குப் பால் கொடுக்கச் சொல்லித்தரும் நர்ஸை, அழுக்குத் துணி போடும் அறையில் ஒரு போனோடு உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அவளை எல்லோரும் 'பால்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் சளைக்காமல், "எத்தனை லிட்டர் வேணும்?" என்பாள்.

வீட்டுக்குப் போன பச்சை உடம்புக்காரிகள் அழுதுகொண்டே கூப்பிடுவார்கள். பாலில் கிருமி இறங்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம், யாரோ போனில் அனுப்பினார்களாம். ஒவ்வொருத்திக்கும் பொறுமையாகப் பதில் சொல்லுவாள்.

ஒரு தையல்காரி. பிள்ளை பெற்ற கையோடு நோயும் வந்துவிட்டது. அவள் மாமியார் கூப்பிட்டாள்.

"தாராளமா பால் குடுக்கலாம்மா. கையைக் கழுவிட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கிட்டுக் குடுக்கட்டும். மத்த நேரம் குழந்தையைக் கொஞ்சம் தள்ளிப் படுக்க வைங்க."

போன் கரகரத்தது. கிழவி காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான்.

இரண்டு நாள் கழித்து நர்ஸே கூப்பிட்டு, "குழந்தை நல்லா குடிக்குதா?" என்றாள்.

"நீங்க சொன்ன மாதிரியே தள்ளிப் படுக்க வச்சிட்டோம் சிஸ்டர்."

"எவ்வளவு தள்ளி?"

"கொஞ்சம்தான். மூணு தெரு தள்ளி, என் பொண்ணு வீட்டுல. புட்டிப்பால் குடிக்குது ராசாத்தி."

"ஐயோ அம்மா! நான் சொன்னது அதே ரூம்ல! கை நீட்டினா எட்டற தூரம்!"

"அடிப் பாவி, அதை அப்பவே சொல்லக் கூடாதா?" கிழவி அலறினாள். செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினாள்.

போன வேகத்தில் வெறுங்கையோடு திரும்பினாள். அன்று காலைதான் மகள் தெருவின் இரண்டு முனையையும் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே யாருக்கோ நோய். ஆளும் போகக்கூடாது, வெளியாள் தரும் பொருளும் போகக்கூடாது. தாய்ப்பாலைப் பிழிந்து டப்பாவில் நீட்டினாலும் காவலர் வாங்கமாட்டார். நர்ஸ் அலுவலகம் அலுவலகமாகப் போன் போட்டாள். எல்லா இடத்திலும் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுதான் பாடியது. பெரிய டாக்டரைக் கேட்டாள். "எனக்கே பாஸ் கிடைக்கலம்மா" என்றார் அவர்.

மிஞ்சியது ஒன்றுதான். குழந்தை குடிக்கும் நேரத்துக்கெல்லாம் பாலைப் பிழிந்து எடுக்கவேண்டும், இல்லையென்றால் வற்றிவிடும். தையல்காரி பிழிந்தாள்.

"தச்ச சட்டையை வாங்க ஆள் வரலன்னா ஆணியில மாட்டி வைப்பேன் சிஸ்டர். இதை எங்க மாட்டறது?"

நர்ஸ் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அதற்கப்புறம் கூப்பிட்டவர்களிடமெல்லாம், "கை நீட்டினா எட்டற தூரம். எங்க, திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்டு வாங்கினாள். எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். தையல்காரியின் கிண்ணத்தில் மட்டும் நாளுக்கு நாள் அளவு இறங்கியது. தகரம் அப்படியே நின்றது.

ஒருநாள் பிழியப் பிழிய ஒன்றும் வரவில்லை. குழந்தையின் சத்தம் கேட்டால் சுரக்கும் என்று, அதை வைத்திருந்த நாத்தனாரையும் நர்ஸ் அதே அழைப்பில் சேர்த்துவிட்டாள். அந்தப் பக்கம் குழந்தை பசியில் வீறிட்டது.

"சிஸ்டர்..." என்றாள் தையல்காரி. "பால் வருது. தானா வருது. ரவிக்கையெல்லாம் நனையுது. இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

பால்காரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். குழந்தை அழுதுகொண்டே இருந்தது.