கோழிக்குப் பொருள் சொன்னவர்

சன்னாசியை ஒருக்களித்துப் புரட்டியதும் வாயிலிருந்து மறுபடியும் தண்ணீர் வந்தது. மஞ்சளும் பச்சையுமாக, அழுகிய நாற்றத்தோடு தங்கை பஞ்சாலையின் முழங்கையில் வழிந்தது. அண்ணன் வயிற்றுக்குள் இன்னும் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறார்களோ என்று நினைத்தாள்.

"மெதுவாடி" என்றாள் பக்கத்து வீட்டு வள்ளியம்மா. "அவனுக்கு இனிமே வலிக்காதுதான். இருந்தாலும் மெதுவா."

ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் ஆம்பளைகள் பாதிப்பேரை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் போட ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் குழி வெட்டப் போய்விட்டார்கள். அதனால் பெண்கள் இருவருமே குளிப்பாட்டினார்கள். துணி கிடைக்காமல் இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்தபோது சணலின் வரிகள் தொடையில் அப்படியே பதிந்திருந்தன. வயிற்றில் பூட்ஸ் மிதித்த தடம் கறுத்துக் கிடந்தது. வள்ளியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஞ்சாலை திருப்பவில்லை. பார்த்துக்கொண்டே கழுவினாள்.

எல்லாம் ஒரு சேவல் பாட்டால் வந்தது. பாட்டைக் கட்டியது பஞ்சாலைதான். வள்ளியம்மா வீட்டுச் சேவல் ஒன்று, குட்டையான கால், தலைகொள்ளாத கொண்டை. மரவள்ளித் தோலை எங்கே போட்டாலும் வந்து நிற்கும். புல் வெட்டும்போது சும்மா வாயில் வந்தது:

குட்டக்காலு சேவலுக்குக் கொண்டயப் பாரு
கொல்லையெல்லாம் தனதுன்னு கூவறதப் பாரு

சன்னாசிக்குக் குரல் உண்டு. அவன் பாடப் பாடத் தோட்டமே பாடியது.

பாட்டு கிராணி திருநாவுக்கரசின் காதுக்குப் போனது. சென்னையில் தமிழ் படித்தவர் அவர். வெள்ளைக்காரன் காலத்தில் சிரம்பானில் வாத்தியார். ஜப்பான்காரன் வந்து பள்ளிக்கூடத்தை மூடியதும் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுத வந்து உட்கார்ந்தார். சிங்கப்பூரில் காலேஜ் படிப்பு பாதியில் நின்று வீடு திரும்பிய பையன்கள் சிலர் சுற்றுவட்டாரத்தில் இருந்தார்கள். அவர்களைச் சாயங்காலம் ஆபீஸ் வராந்தாவில் கூட்டி, ஒரு பாட்டை எப்படிப் படிக்க வேண்டும், சொல்லுக்குப் பின்னால் பொருள் எப்படி ஒளிந்திருக்கும் என்றெல்லாம் சொல்லித் தருவார். பஞ்சாலைக்கு அந்த வராந்தாவைக் கூட்டும் வேலை.

"சேவல்னா சேவல் இல்ல" என்றார் ஒருநாள், சேவல் பாட்டைப் பாடிக் காட்டிவிட்டு. "குட்டக்கால் யாரு? செவப்புக் கொண்டை ஜப்பான்காரன் கொடியில இல்லையா? கொல்லைன்னா மலாயா. வெளிய ஒண்ணு சொல்லி உள்ள ஒண்ணு வக்கிறது. நம்ம இலக்கணத்துல இதுக்கு இறைச்சின்னு பேரு."

பையன்கள் ஆகா என்றார்கள்.

பஞ்சாலை வீட்டில் வந்து சொன்னாள். சன்னாசி விழுந்து விழுந்து சிரித்தான். "நம்ம பாட்டுல இறைச்சி இருக்காம். சட்டியிலதான் காணோம் லா!"

பையன்களில் ஒருவன், இராஜமாணிக்கம், காப்பிக்கடையில் பாட்டைப் பொருளோடு சொல்லிப் பெருமையடித்தான். யார் காதில் விழுந்ததோ, அந்த வாரமே ஜப்பான் பட்டாள லாரி வந்தது.

அப்போதும் அவள் வராந்தாவில்தான் நின்றிருந்தாள். முதலில் திருநாவுக்கரசைத்தான் கேட்டார்கள். மலாயில் மொழிபெயர்க்க ஒருவன் இருந்தான். அவர் கைகட்டி நின்று, அதே பாட்டுக்கு வரிவரியாகப் பொருள் சொன்னார். ஒரு சொல்லையும் விடவில்லை. கடைசியில் சொன்னார்: "நான் பொருள்தான் சொன்னேன். பாட்டு அந்தச் சன்னாசியோடது. பாட்டுல இல்லாதத நான் எப்படிச் சொல்ல முடியும்?"

சன்னாசியை இழுத்து வந்தார்கள். "கோழிங்கய்யா. வெறும் கோழி" என்றான். மொழிபெயர்த்தவன் சிரித்தான். பஞ்சாலை வாயைத் திறக்கப் போனபோது அண்ணன் அவளைப் பார்த்த பார்வையில் அவள் வாய் அப்படியே நின்றுவிட்டது. பிறகு அவன் வாயில் தண்ணீர்க் குழாயைச் செருகினார்கள்.

உடம்பைத் துடைத்து முடித்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. திருநாவுக்கரசு வந்திருந்தார். பின்னால் அவருடைய பையன்கள். இராஜமாணிக்கம் தலையை நிமிர்த்தவில்லை. அவர் கையில் மடித்த வெள்ளை வேட்டி ஒன்று.

"கோடி போடணுமே" என்று நீட்டினார்.

தோட்டத்தில் யாரும் முழு வேட்டியைக் கண்ணால் பார்த்து வெகுகாலமாகியிருந்தது. பஞ்சாலை கையை நீட்டவில்லை.

"வாங்கிக்கடி" என்று வள்ளியம்மா காதோரம் சொன்னாள். "சாக்கோடயா அனுப்புவ அவன?"

அவள் வாங்கினாள். வேட்டியை விரித்து, அந்த வயிற்றை மூடி, ஓரங்களை அவளே செருகினாள். பிறகு வாய்க்கரிசி போட்டார்கள். அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்கைப் பொடியாக நறுக்கி வைத்திருந்தார்கள்.

லயத்துப் பெண்கள் வந்து வட்டமாக உட்கார்ந்து தோளில் கை போட்டார்கள். வாசலில் திருநாவுக்கரசு பையன்களிடம் தாழ்ந்த குரலில் பேசுவது உள்ளே நன்றாகக் கேட்டது.

"சன்னாசி பெரிய கவி. அவன் என்ன நெனச்சிப் பாடுனான்ங்கறது முக்கியமில்ல. அவன் போயிட்டான். பாட்டு இனிமே படிக்கிறவனோடது. இப்ப ஒப்பாரி வரும், நல்லாக் கவனிங்க. எந்தச் சொல்லு எதுக்காக நிக்கிதுன்னு பாருங்க."

வள்ளியம்மா முதல் அடியை எடுக்க மூச்சு இழுத்தாள். பஞ்சாலை அவள் வாயைப் பொத்தினாள்.

"யாரும் பாடாதீங்க."

"என்னாடி இது? அழாமயா அனுப்பறது?"

"அழுங்க. பாடாதீங்க."

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். "அன்னைக்கி ஆபீசுல பாட்டு அவனோடதுன்னீங்க. இன்னைக்கி அவனோடது இல்லன்றீங்க."

திருநாவுக்கரசு அவளைப் பரிவோடு பார்த்தார். "அது வேற சந்தர்ப்பம்மா. உனக்குப் புரியாது."

"அது கோழிங்க சார். அந்தா, அந்த வீட்டுக் கோழி. எனக்குத் தெரியாதா? கட்டுனவளே நான்தான்."

பையன்கள் நிமிர்ந்தார்கள். திருநாவுக்கரசின் முகத்தில் ஒரு நொடி பசி தெரிந்தது, புதிதாக ஒரு பாட்டு கிடைத்தவரைப் போல. மறுநொடியே சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சத்தமாச் சொல்லாத" என்றார். "இதுல என்னயும் சேத்து இழுத்து விட்றாத."

பஞ்சாலை எச்சிலைக் கூட்டினாள். அண்ணன் கிடக்கும் இடம் என்று விழுங்கிக்கொண்டாள்.

குழி வெட்டியவர்கள் வந்து பாடையைத் தூக்கினார்கள். தப்பு மேளம் இல்லை, பாட்டு இல்லை. பெண்கள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் ரப்பர் மரங்கள் வரை கூடப் போனது. பையன்களும் பின்னால் நடந்தார்கள். இராஜமாணிக்கம் மட்டும் வழியில் குனிந்து வாந்தியெடுத்தான்.

லயம் காலியானதும் பஞ்சாலை முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். விரல்களில் வாசனை. எதுவென்று முதலில் பிடிபடவில்லை. பிறகு தெரிந்தது. சவுக்காரம். அவர் கொடுத்த வேட்டியில் ஒட்டியிருந்த, தோட்டத்தில் யாருக்கும் கிடைக்காத நல்ல சோப்பு வாசனை.

அவள் கால்வாயோரம் போய் உட்கார்ந்து, அடுப்புச் சாம்பலை அள்ளி, தேங்காய் நாரால் கையைத் தேய்க்கத் தொடங்கினாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் சாம்பலை அள்ளினாள்.