கண்ணுக்குக் கீழே ஒட்ட வேண்டிய தோல்

கார் பெயிண்டருக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. ஒட்டுத்தோல் எங்கே எடுப்பது என்று பார்க்கணும், குளித்துவிட்டு வாங்க என்றுதான் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மனுஷன் கழுத்திலிருந்து நெஞ்சுவரை ஒரு முடி விடாமல் மழித்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். யார் கேட்டது?

ரேடியேட்டர் வெந்நீர் முகத்தில் தெறித்து ஆறு மாதமாகிறது. புண் ஆறிவிட்டது. ஆனால் தழும்பு கீழிமையை இழுத்துப் பிடித்ததில் வலது கண் மூடவே மாட்டேன் என்கிறது. தூக்கத்திலும் பாதி திறந்தே கிடக்கும். இப்படியே விட்டால் பார்வை போய்விடும், வேறு இடத்துத் தோலை எடுத்து இமைக்குக் கீழே ஒட்டணும் என்று டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து அவர் மனைவி ராத்திரியெல்லாம் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

டாக்டரம்மா முதலில் காதுக்குப் பின்னால் பார்த்தார். அங்கேயும் வெந்திருந்தது. அப்புறம் கழுத்தடியில் விரலை வைத்து, கன்னத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நிறம் அப்படியே ஒத்துப்போகுது. இங்கயே எடுத்துடலாம்" என்று பேனாவால் வட்டம் போட்டார். பெயிண்டர் முகத்தில் பெருமையைப் பார்க்கணுமே.

அந்த இடத்தில் முடி எப்படி மண்டிக் கிடக்கும் என்று பக்கத்தில் நின்ற மனைவிக்குத்தானே தெரியும். அவ்வளவு படித்தவங்களிடம் போய் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்துவிட்டால்? டாக்டரம்மா பேனாவை மூடியதும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டர், அங்க நிறைய முடி வளரும். நேத்துதான் மழிச்சார்."

டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார். தோல் முழுக்க முடிவேர்.

"நல்லவேளை சொன்னீங்க. கண்ணுக்குக் கீழ முடி முளைச்சு கண்ணையே குத்தியிருக்கும். ஏன் சார், நீங்க சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே" என்றார் பெயிண்டர்.

மிச்சம் இருந்தது மேல்கையின் உள்பக்கம். முடி கிடையாது, ஆனால் வெளுப்பு. "முகத்துல திட்டாத் தெரியும், எப்பவுமே" என்றார் டாக்டரம்மா. "இல்லன்னா கழுத்துத் தோலையே வெச்சு, முடியை லேசர்ல எடுத்துப் பார்க்கலாம். முழுசாப் போகும்னு உறுதி சொல்ல முடியாது."

ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் இருபது வருஷம் பெயிண்ட் அடித்தவர், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மனைவியிடம், "நான் கண்ணாடியில ரெண்டு நிமிஷம் பார்ப்பேன். நாள் பூரா பார்க்கப்போறவ நீ. நீயே சொல்லு" என்றார்.

இப்படியா ஒருத்தி தலையில் கட்டுவது? நாளைக்கு நாலு பேர் உற்றுப் பார்த்தால் பழி அவளுக்குத்தான். பயமாக இருந்தது, கோபமும் வந்தது. மூடாத அந்தக் கண் பாட்டுக்கு நீர் வடித்துக்கொண்டிருந்தது.

"கையிலயே எடுங்க டாக்டர்" என்றாள். "இவர் கண்ணை மூடித் தூங்கறதை நான் பார்க்கணும்."