மூன்றாவது நட்சத்திரம்

"மீன் முதலாளி வீட்டுக்கு வருஷா வருஷம் மாவு கொண்டுபோறது உங்க வீடுதானே?"

குழாயடியில் எங்கள் தெருப் பையன் தரீஸ் கேட்டான். ஆண்களிடம் எனக்கு வாய் வராது. தலையை மட்டும் ஆட்டிவிட்டேன். மறுநாள் காலை எங்கள் ரொட்டிக்கடைக் கதவுக்கடியில் ஒரு காகிதம் கிடந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துச் சொன்னேன். 'மாவு போனால் கடை எரியும்.' நான் தலையாட்டியதை மட்டும் சொல்லவில்லை.

முதலாளி மெஸ்ஊத் அஸெராஃப் யூதர்; எங்கள் ஊர் ஸாஃபி துறைமுகத்தில் அவருக்கு மத்தி மீன் ஆலை. எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் தொட்டியும் அவர் கட்டிக்கொடுத்ததுதான். மாதத்துக்கு ஒருமுறை இமாமையும் யூத ரப்பியையும் தன் மேசையில் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிடுவார். அன்று நான் போய்த் தேநீர் ஊற்றுவேன். அவர்களுக்குள் வாக்குவாதம் முற்ற முற்ற அவர் முகம் மலரும். தொலைவில் யூதர்களுக்கும் அரபிகளுக்கும் சண்டை மூண்டதிலிருந்து இமாம் வருவதில்லை. போன மாதம் அந்த அறை ஜன்னலில் கல் விழுந்தது.

பஸ்கா பண்டிகையின் எட்டு நாளும் அவர்கள் வீட்டுக்குள் மாவோ ஈஸ்ட்டோ நுழையக் கூடாது. எட்டாம் நாள் முடிந்ததும் முதல் ரொட்டிக்கு வேண்டியதெல்லாம் எங்கள் தெருவிலிருந்து போகும். முன்பு பத்துத் தட்டு போனது. இந்த வருஷம் யாரும் பேச்சே எடுக்கவில்லை.

"என் அப்பா தூக்கின தட்டு. நிறுத்திட்டா அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றார் அப்பா. பிறகு கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பொழுது சாய்ஞ்சதும் மஃரிப் தொழுகைக்கு எல்லாரும் பள்ளிவாசலுக்குள்ள இருப்பாங்க. அப்பவே நீ குடுத்துட்டு ஓடி வந்துடு. பொண்ணுன்னா ஒண்ணும் பண்ண மாட்டானுங்க."

முதலாளி கதவைத் திறந்தார். தட்டைப் பார்த்ததும் கண் நிறைந்தது. பிறகு வானத்தைப் பார்த்தார்.

"இன்னும் நாள் முடியலையேம்மா. மூணு நட்சத்திரம் தெரிஞ்சாத்தான் உள்ள எடுக்கலாம். உங்கப்பா எப்பவும் தொழுதுட்டுத்தானே வருவார்?"

பயத்தில் அதை அப்பாவும் மறந்திருந்தார், நானும் மறந்திருந்தேன். திரும்பிப் போனால் தொழுகை முடிந்து வருகிறவர்கள் நடுவே தட்டோடு நடக்க வேண்டும். அசையாமல் நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு முக்காலி எடுத்துவந்து, சந்திலேயே என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

மாடியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "உள்ள வந்து கதவைச் சாத்துங்க."

"எட்டு நாளா புளிக்காத காஞ்ச ரொட்டி தின்ன பல்லு, எஸ்த்ரெயா. இன்னும் அரை மணி தாங்கும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் சந்தின் முனையிலேயே இருந்தது.

தொழுகை முடிந்தது. ஆண்கள் சந்துக்குள் வந்தார்கள். தட்டைப் பார்த்தார்கள், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு கடந்தார்கள். ஒருவர் மட்டும் முணுமுணுப்பாக சலாம் சொன்னார். கடைசியாக வந்த தரீஸ் எங்கள் முன் நின்றான். கையில் ஒரு லைட்டரைத் திறந்து திறந்து மூடினான்.

"அப்பன் ஒளிஞ்சுக்கிட்டு உன்னை அனுப்பிட்டானா?"

தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன்.

"தரீஸ், எனக்குப் பார்வை போதாதுப்பா" என்றார் முதலாளி. "துறைமுகத்துப் பக்கம் ஒண்ணு தெரியுது. பள்ளிவாசல் மினாராவுக்கு மேல ஒண்ணு. இன்னொண்ணு வந்துடுச்சான்னு நீ பாத்துச் சொல்லேன்."

அவன் அண்ணாந்து பார்த்தான். நானும் பார்த்தேன். எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு மேலே, சிறியதாக, அது இருந்தது. அவன் கண்ணும் அங்கேதான் நின்றது. அவன் சொல்வான் என்று காத்திருந்தேன். லைட்டர் திறந்தது, மூடியது.

"மூணு" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

முதலாளி எழுந்து தட்டை வாங்கினார். அது நிலைப்படியைத் தாண்டி உள்ளே போயிற்று. மாடியில் விளக்கு எரிந்தது.

தரீஸ் லைட்டரைப் பைக்குள் போடவில்லை. கையில் பிடித்தபடியே திரும்பி, எங்கள் கடை இருக்கும் பக்கமாக நடந்துபோனான்.