கண்ணாத்தாள் பேரில் ஒரு ரசீது

மெட்ராஸில் வாடகை வீட்டில் இருக்கும் மருதையன், குடவாசல் பக்கத்துச் சொந்த ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் புலம்ப ஆரம்பித்தான்.

"வீட்டு வரி ஏறிடுச்சுன்னு வீட்டுக்காரரு வாடகையில பத்து ரூபா ஏத்திட்டாரு. தண்ணிக்குத் தனிக் காசு. உனக்கென்னம்மா, வருசத்துக்கு மூணு ரூபா வரி."

கண்ணாத்தாளுக்குச் சுருக்கென்றது. அவள் கூலியை உயர்த்திக் கேட்ட வருஷம், மனை தன்னுடையது என்று பண்ணையார் ஆள் விட்டு இந்தக் கூரையைப் பிரித்தெறிந்தார். போன வருஷம்தான் சர்க்கார் அந்த மனைக்கு அவள் பெயரில் பட்டா கொடுத்தது.

வரி ரசீதை எடுத்து நீட்டினாள்.

"யார் பேரு போட்டிருக்கு, படி."

"உம் பேருதான்."

"அங்க நீ குடுக்குற காசுக்கு?"

"வீட்டுக்காரரு பேரு."

"அப்ப மூணு ரூபான்னு எளப்பமாப் பேசாத. அறுப்பு முடிஞ்சதும் ஓடு போடப்போறேன். ஓட்டு வீடுன்னு வரியை ஏத்துவாங்க. ஏத்தட்டும்டா, எம் பேருல கட்டுறேன்!"