ஷூவுக்குள் தூங்கிய வாத்து

இன்னும் ஒரு நாள் ஆறு மணியைத் தாண்டினால் பிள்ளைக்கு இங்கே இடம் கிடையாது என்று குழந்தைகள் காப்பகத்து அக்கா நேற்றே சொல்லிவிட்டாள். பரிசோதனைக் கூடத்தில் கடைசி ரத்த மாதிரிக் குழாய்க்குச் சீட்டு ஒட்டிவிட்டு, கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிள்ளையின் அம்மா ஓடிவந்து சேர்ந்தபோது மணி ஐந்து ஐம்பது. பத்து நிமிடம் இருந்தது. ஒரு ஷூவை மாட்டப் பத்து நிமிடம் போதாதா?

போதாது. வலது காலில் ஷூவும் இடது காலில் வெறும் காலுறையுமாக மூன்று வயதுச் சில்வண்டு நின்றிருந்தது. இடது ஷூ மார்போடு அணைத்தபடி கையில் இருந்தது. சில்வண்டு என்பது அப்பா வைத்த பட்டம். கத்தினால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

“குடுடி.”

“மாட்டேன்.”

“என் உயிரை வாங்காத. குடு.”

பத்து நாளாக இதே கூத்து. அவள் ஷூவைப் பிடுங்கித் தலைகீழாகத் தட்டுவாள். காப்பகத்துப் பொம்மைகளில் சக்கரம் போன மரவாத்து ஒன்று கல் மாதிரி உள்ளேயிருந்து விழும். சில்வண்டு ஆரம்பிக்கும். கத்தக் கத்தத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடப்பாள். புருஷன் போனிலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தான்: “காலையில விட்டுட்டுப் போறல்ல, அதுக்குப் பழி வாங்குறா.” மூன்று வயதில் பழி. அவளும் நம்பித்தான் இருந்தாள்.

அக்கா ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே வந்தாள். “இப்பவே இவ்வளவு அழுத்தம். வளந்தா உங்களையே வித்துடும்.”

“நீங்க வேறக்கா.”

ஐந்து ஐம்பத்து நான்கு. காலையிலிருந்து நாற்பது பேர் கையில் ஊசி குத்தியாயிற்று. பிடுங்கத் தெம்பில்லை. பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள்.

“சரி, சொல்லித் தொலை. அந்த வாத்துக்கு என்னதான் வேணும்?”

யாரோ கேட்டுவிட்டதில் சில்வண்டுக்கே ஆச்சரியம். குரலை இறக்கியது. “தூங்குது.”

“எழுப்பு. போகலாம்.”

“கூடாது. ரெண்டு நிமிஷத்துல வந்துடுவேன்னு சொல்லியிருக்கேன். நாம போயிட்டா என்னத் தேடி அழும்.”

“அது மரம்டி!”

“அதுக்கு அது தெரியாதேம்மா.”

அவள் வாசலைப் பார்த்தாள். தினமும் காலை இதே வாசலில் “ரெண்டு நிமிஷத்துல வந்துடுவேன்” என்று சொல்லி, பிள்ளை திரும்புமுன் நழுவுகிறவள் அவள்தான். பரிசோதனைக் கூடத்தில் இரண்டு நிமிடம் என்றால் கடிகாரம் வைத்து இரண்டு நிமிடம். ஒரு விநாடி கூடினால் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். இங்கே அது பத்து மணி நேரம்.

“அப்ப அதுகிட்ட நிஜத்தைச் சொல்லு. போயிட்டு நாளைக்குத்தான் வருவேன்னு.”

“அழும்.”

“அழட்டும். தேடாதுல்ல?”

சில்வண்டு ஷூவுக்குள் வாயை வைத்து ஏதோ சொன்னது. சொல்லிக்கொண்டே இருந்தது. ஐம்பத்தெட்டு. அக்கா சாவியை ஆட்டினாள். ஐம்பத்தொன்பதில் வாத்து ஜன்னல் விளிம்புக்கும் கால் ஷூவுக்குள்ளும் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் காலை வாசலில் பழைய பேச்சு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். “நீ தூங்கி எழுந்து, பழம் சாப்பிட்டு, மத்த அம்மாக்கள்லாம் வந்துட்டுப் போனப்புறம்தான் நான் வருவேன். ரொம்ப நேரம் ஆகும்.”

இதுவரை கத்தாத கத்தல். அக்கா காதைப் பொத்தினாள். “சும்மா இருந்த பிள்ளையை இப்படியா கிளப்பிவிடுவீங்க?”

நாள் முழுக்க அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. நிஜம் சொன்னதற்கு இதுதானா மரியாதை என்று குழாய் குழாயாக எரிச்சல் பட்டாள்.

மாலை ஐந்து ஐம்பது. இரண்டு ஷூவும் காலில் இருந்தன, கால் மாறி. வாத்து ஜன்னலில்.

“அதுகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“அழுதுச்சா?”

சில்வண்டு நெற்றியில் கை வைத்துப் பெருமூச்சு விட்டது.

“என் உயிரை வாங்குதும்மா.”