சைக்கிள் கொட்டகையில் ஒரு மாத்திரை

பெரிய நோய் மறுபடி தலைகாட்டியதிலிருந்து, தையல் கூடத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கொட்டகையில் வைத்தே சூப்பர்வைசர் கையால் ஆளுக்கொரு காய்ச்சல் மாத்திரை கிடைத்தது. வாசலில் நிற்கும் நர்ஸ் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டுவதற்குள் சூடு இறங்கிவிட வேண்டும். காய்ச்சலோடு பிடிபட்ட யாருக்காவது நோய் உறுதியானால் கூடத்தையே மூடிவிடுவார்கள். எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. அதனால் எல்லாரும் முழுங்கினார்கள். பித்தான் தைப்பதால் பித்தான் அக்காவாகிப்போனவளும் முழுங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

இன்று அவளுக்கு உண்மையிலேயே உடம்பு காய்ந்தது. மாத்திரை உள்ளங்கையிலேயே இருந்தது. வரிசையில் அவளுக்குப் பின்னால் நிறைமாத வயிற்றைத் தாங்கியபடி, பக்கத்து மெஷின்காரி. நேற்று, "முகமே சரியில்லயேக்கா" என்று தன் முட்டையில் பாதியைப் பிய்த்து இவள் தட்டில் வைத்த பெண்.

"என்னக்கா, ஜோசியமா பாக்குறீங்க? முழுங்குங்க" என்றார் சூப்பர்வைசர்.

"எனக்கு நெசமாவே காயுது தம்பி."

"அதுக்குத்தானே மாத்திரை!"

"இது அந்த நர்சம்மா கையில இருக்கிற மெஷினுக்கு மருந்து. என் பக்கத்துல உக்கார்றவளுக்கு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு உங்க இடத்துல வேற ஆள் உக்காந்திருக்கும், பாத்துக்குங்க."

வீட்டுக்கு அவள் சம்பளம் ஒன்றுதான். கடவுளே என்று மனதுக்குள் ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டாள். பெரிய காரியங்களை அவர் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்வார். தன்னிடம் கேட்பது இந்த ஒரு மாத்திரையைத்தான்.

"உக்காரட்டும். காய்ச்சல் இல்லாத ஆளா பாத்து உக்கார வைங்க."

மாத்திரையை அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு நடந்தாள்.

வெப்பமானி கத்தியது. நர்ஸ் அவளை வெளியே மரத்தடியில் உட்கார வைத்து, மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்தாள். "உள்ள காத்தோட்டம் இருக்கா?"

"ஜன்னலையே தெறக்க விடமாட்டாங்கம்மா. வெள்ளத் துணியில தூசி படுமாம்" என்றாள் பித்தான் அக்கா, வரிசைக்கே கேட்கும்படி.

"நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டா" என்று யாரோ முணுமுணுத்தார்கள். பெண்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்கள். பக்கத்து மெஷின்காரியும்தான். மரத்தடியில் அவளுக்கு அழுகை முட்டியது.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ணங், ணங் என்று சத்தம். கத்தரிக்கோல் பிடியால் யாரோ ஜன்னல் கொக்கியைத் தட்டுகிறார்கள். "துணி! துணி பாழாகுது!" சூப்பர்வைசர் அலறினார். துருப்பிடித்த ஜன்னல் ஒன்று கிரீச்சென்று திறந்து சுவரில் மோதியது. பெரிய வயிறு ஒன்று அதை அடைத்துக்கொண்டு நின்றது.

அடுத்த ஜன்னலிலும் யாரோ தட்டத் தொடங்கினார்கள்.